‘கரெக்டட்’ என்று எழுதியிருக்கிறதே டாக்டர், அப்படியானால் சரியாகிவிட்டதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 45 வயது. ஊர் குடியாத்தம் பக்கம். வீட்டுக்காரர் லுங்கித் தறி ஓட்டுகிறார். ஒரு பெண், ஒரு பையன், இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பையில் கட்டி இருப்பதால் எடுத்துவிடலாம் என்று சித்திரையில் ஆபரேஷனுக்குப் போனேன். அங்கே இசிஜி எடுத்துப் பார்த்து, “உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது” என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், மெட்டோபுரோலால், கொழுப்பு மாத்திரை என்று நான்கு கொடுத்தார்கள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று கூட்டத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்றார்கள். ஆடி மாதம் வேலூரில் எக்கோ எடுத்தபோது, மாரடைப்பே இல்லை, இது பிறவியிலேயே உள்ள கோளாறு என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘கன்ஜெனிட்டலி கரெக்டட் டிஜிஏ’ என்று இருக்கிறது. “கரெக்டட்னா சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம்மா” என்கிறாள் மகள். 45 வருடம் இல்லாத நோய் எங்கிருந்து வந்தது? மூன்று மாதமாக மாதவிலக்கு மிகவும் அதிகம், ஹீமோகுளோபின் 8.2. கட்டியை எடுக்கலாமா? என்னை வயிற்றில் சுமந்தபோது கிரகணத்தில் பூசணிக்காய் நறுக்கிவிட்டேன் என்று 70 வயது அம்மா அழுகிறார். மகளுக்கு வரன் பார்க்கிறோம், இதைச் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்கும் வருமா? எக்கோ ரிப்போர்ட், இசிஜி நகல் வைத்திருக்கிறேன். பழைய மாத்திரைகளை நிறுத்தலாமா என்று அங்கே கேட்க மறந்துவிட்டேன், இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பி.கு.: பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போய் மலை சுற்றுவது வழக்கம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் சுற்றுவேன். இரண்டு வருடமாக நிருதி லிங்கத்தில் ஒரு முறை, குபேர லிங்கத்தில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துதான் போகிறேன். வயதாகிறது அல்லவா. இந்தக் கார்த்திகை தீபத்துக்குப் போகலாமா?

— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, வணக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறேன் என்றீர்களே, அது. மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கலாம். இது இந்த வாரமே முடிய வேண்டிய வேலை.

நீங்கள் அனுப்பிய இசிஜி நகலில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? மேலறை துடிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தச் செய்தி கீழறைக்குப் போய்ச் சேருகிற வரைக்குமான நேரத்தை அந்தக் கட்டங்களை எண்ணித்தான் அளப்போம். ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லி செகண்ட். 5 கட்டத்துக்குள் இருந்தால் சரி. உங்களுடையதில் 6 கட்டம் வருகிறது. அதாவது சித்திரையில், ஒரு மாத்திரைகூடப் போடுவதற்கு முன்பே, உங்கள் இதயத்தின் மின்கம்பியில் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையில் மெட்டோபுரோலால் ஆரம்பித்திருக்கிறார்கள். அது துடிப்பை மட்டுப்படுத்துகிற மாத்திரை, அந்தக் கம்பியையே இன்னும் மெதுவாக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து சிரசு ஊர்வலத்தில் கண் இருட்டியது. குடியாத்தம் வெயில் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும், வெயிலாகவே இருக்கலாம். ஆனால் கம்பியா, மாத்திரையா, ரத்தசோகையா என்று பார்க்காமல் வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். இரண்டுமே ரத்தம் கட்டாமல் இருப்பதற்காகக் கொடுப்பவை. மாரடைப்பு வந்தவருக்கு அவை உயிர் காக்கும். கர்ப்பப்பைக் கட்டியால் ஏற்கெனவே அதிகமாக உதிரம் போகும் ஒருவருக்கு, மாரடைப்பே வராதபோது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று மாதமாக மாதவிலக்கு அதிகம் என்று நீங்கள் எழுதியதற்கும் மூன்று மாதத்துக்கு முன்பு ஆரம்பித்த இந்த மாத்திரைகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். 8.2 என்கிற ஹீமோகுளோபினின் கதையிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம்.

இப்படிச் சொன்னேன் என்று நாளைக் காலையில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மெட்டோபுரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். கடிதத்தைப் படித்துவிட்டு மருந்தை மாற்றுவது எனக்குப் பிடிக்காத காரியம். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு, இசிஜியையும் எக்கோவையும் எடுத்துக்கொண்டு, ஆடியில் உங்களைப் பார்த்த இதய மருத்துவரிடம் போங்கள். “மாரடைப்பு இல்லை என்றால் இவை எதற்கு?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு இல்லை என்பதை சிடி ஆஞ்சியோ எடுத்து அவர் உறுதி செய்ய நினைக்கலாம், அது நியாயமே. அதற்குள் மறுபடி கண் இருட்டினாலோ, நாடி நிமிடத்துக்கு 45-க்குக் கீழே இறங்கினாலோ அன்றே 108-ஐக் கூப்பிடுங்கள். நாடி பார்ப்பது பெரிய வித்தை இல்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்சைப் பார்க்க மகளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ‘கரெக்டட்’டுக்கு வருவோம். ‘டிஜிஏ’ என்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருப்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து.

உங்கள் மகள் சொன்ன அர்த்தம் அகராதிப்படி தப்பில்லை. பெயர் வைத்தவர்கள்மேல்தான் தப்பு. இந்தக் கோளாறை முதலில் விவரித்தவர் வியன்னாவில் இருந்த ரோகிடான்ஸ்கி என்ற நோய்க்குறியியல் அறிஞர், 1875-இல். இது மிக அபூர்வமானது. பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் நூறு பேரை வரிசையில் நிற்க வைத்தால் ஒருவருக்குக்கூட இது இருக்காது. ‘கரெக்டட்’ என்றால் யாரோ சரி செய்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. இரண்டு தப்பு சேர்ந்து ஒன்றை ஒன்று சமாளித்துக்கொண்டது என்று பொருள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் போய் வரும் டவுன் பஸ். இன்னொரு பக்கம் சென்னை எக்ஸ்பிரஸ். ஒரு நாள் சென்னைக்குப் போக வேண்டிய ஜனங்கள் எல்லாரும் தெரியாமல் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். இது முதல் தப்பு. டவுன் பஸ் டிரைவர் ஏதோ ஞாபகத்தில் பாகாயம் பக்கம் திரும்பாமல் சென்னை ஹைவேயில் வண்டியை விட்டுவிட்டார். இது இரண்டாவது தப்பு. ஜனங்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஓடுவது டவுன் பஸ்.

உங்கள் இதயத்தில் நடப்பதும் இதுதான். எல்லாருக்கும் வலது கீழறை என்பது பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிற அறை. அதன் சுவர் மெலிசு. அழுத்தம் 25 இருந்தாலே அதன் வேலை முடிந்துவிடும். இடது கீழறைதான் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அனுப்புகிற அறை. சுவர் தடிமன், அழுத்தம் 120. நாம் பி.பி. பார்க்கிறோமே, அதில் மேலே வரும் எண் இதுதான். உங்களுக்குக் கீழறைகள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அவற்றிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் கூடவே இடம் மாறிவிட்டன. அதனால் கெட்ட ரத்தம் சரியாக நுரையீரலுக்கும், நல்ல ரத்தம் சரியாக உடம்புக்கும் போகிறது. உதடு நீலமாகவில்லை, குழந்தையில் மூச்சு வாங்கவில்லை. ஆனால் 25 அழுத்தத்துக்கு என்று செய்த அறை, பிறந்த நாளிலிருந்து 120 அழுத்தத்தில் வேலை பார்க்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு என்று வைத்தால் இதுவரை 160 கோடி தடவைக்கு மேல் துடித்திருக்கிறது. உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் அந்த அறையின் வேலைத்திறன் 45 சதவீதம் என்றும், அதன் வாசலில் உள்ள வால்வில் மிதமான கசிவு என்றும் போட்டிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸுக்கு இது பெரிய சாதனைதான். ஆனால் களைப்பு ஆரம்பித்திருக்கிறது என்பதும் அதே வரியில் எழுதியிருக்கிறது.

45 வருடம் இல்லாத நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். எங்கிருந்தும் வரவில்லை, கூடவே இருந்தது. இந்தக் கோளாறு உள்ள பலருக்குக் கூடுதலாகக் கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகியிருக்கும். அவர்களுக்குக் குழந்தையிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு அந்த இரண்டும் இல்லை. அதனால் காட்டிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. நீங்கள் பிறந்த 1980-இல் இது வட ஆற்காடு மாவட்டம். வேலூர் சி.எம்.சி.யில் 1961-லேயே இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதெல்லாம் நீலம் பாரித்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு. வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஓடி விளையாடிய குழந்தையை யார் தூக்கிக்கொண்டு போய் எக்கோ எடுத்திருப்பார்கள்? எக்கோ மெஷினே அப்போது அபூர்வம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் என் நோயாளிகள் பலரிடம் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களிடம் “மூச்சு வாங்குதா?” என்று கேட்டால், வாங்கவில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் ஏறும்போது பாதியில் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார்கள். தண்ணீர்க் குடத்தை இரண்டு நடையாக எடுப்பார்கள். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. நிருதி லிங்கத்தில் ஒரு முறை, குபேர லிங்கத்தில் ஒரு முறை உட்காருகிறேன் என்று எழுதிவிட்டு, வயதாகிறது அல்லவா என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு எக்கோவைவிட அதிகம் சொன்ன வரி அதுதான். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் என்பது மாறவில்லை, மாறியது நீங்கள். அதனால்தான் இந்த நோயில் வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்க்கிறோம்.

அந்த ‘பழைய மாரடைப்பு’ விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அப்படிச் சொன்ன டாக்டர்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் மின்சாரம் வழக்கமாக இடமிருந்து வலமாகப் பாயும். உங்களுக்கு அறைகளே மாறி இருப்பதால் வலமிருந்து இடமாகப் பாய்கிறது. அதனால் இசிஜியில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. மாரடைப்பில் செத்துப்போன தசையும் அச்சு அசலாக அதே பள்ளத்தைத்தான் தரும். சில மெஷின்கள் தாளின் மேலேயே ‘பழைய மாரடைப்பாக இருக்கலாம்’ என்று அச்சடித்தும் கொடுத்துவிடும். மெஷின் சொன்னால் மனுஷன் நம்பிவிடுகிறான்.

நானும் நம்பியிருக்கிறேன். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். ஆற்காட்டுப் பக்கம் ஒரு லாரி டிரைவர், 40 வயதுகூட இருக்காது. இதே பள்ளம். இதே மாதிரி ‘பழைய மாரடைப்பு’ என்று நானே என் கையால் சீட்டில் எழுதினேன். அவர் லாரியை விட்டுவிட்டு ஒரு வருடம் மாமனார் கடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு வேறொரு ஊரில் எக்கோ எடுத்ததில் உண்மை தெரிந்து, அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, “பாருங்க சார்” என்றார், அவ்வளவுதான். அதிலிருந்து, நெஞ்சுவலியே வராதவருடைய இசிஜியில் பழைய மாரடைப்பு தெரிந்தால், எக்கோ பார்க்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.

இனிமேல் என்ன ஆகும்? மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கோளாறோடு 70, 80 வயது வரை வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. 2000-ஆம் ஆண்டு வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், உங்களைப் போல ஓட்டை, அடைப்பு எதுவும் இல்லாதவர்களிலேயே 45 வயதுக்குள் நான்கில் ஒருவருக்கு இதயம் பலவீனமாகி இருந்தது. அவை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு. அதனால் மூன்று விஷயங்களில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஒன்று அந்த அறையின் பலம். வருடத்துக்கு ஒரு முறையாவது எக்கோ. அதைவிட நன்றாக அளந்து சொல்வது எம்.ஆர்.ஐ. என்பதால், ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால் நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆதாரம் இருக்கும்.

இரண்டாவது அந்த வால்வு. எல்லாருக்கும் மூவிதழ் வால்வு என்பது அழுத்தம் குறைந்த பக்கத்தில் இருக்கிற மெல்லிய வால்வு. உங்களுக்கு அது 120 அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது மிதமான கசிவு. இது கடுமையாகிறது என்று தெரிந்தால் வால்வை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சு எப்போது வர வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அறையின் வேலைத்திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன்பு செய்தால் பலன் உண்டு. “இன்னும் நல்லாத்தானே இருக்கேன்” என்று தள்ளிப்போட்டு, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற கட்டத்தில் வந்தவர்களுக்கு வால்வை மாற்றியும் அறை எழுந்திருப்பதில்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், பெரும்பாலும் நாங்கள் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாவது மின்கம்பி. அறைகள் இடம் மாறியதால் அந்தக் கம்பி வழக்கமில்லாத நீண்ட வழியில் சுற்றிப் போகிறது. அது வருடம் போகப் போக அரித்துக்கொண்டே வரும். இந்தக் கோளாறு உள்ள நூறு பேரில் வருடத்துக்கு 2 பேருக்குக் கம்பி முழுவதுமாக அறுந்து, துடிப்பு மிகவும் குறைந்துவிடும். உங்கள் 6 கட்டமும் சிரசு அன்று வந்த மயக்கமும் சேர்ந்து நிற்பதால், ஹோல்டர் என்கிற சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டி 24 மணி நேரமோ, அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்து பார்ப்பது அவசியம். பேஸ்மேக்கர் வேண்டும் என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் வைப்பவரிடம் இந்தக் கோளாறின் பெயரைச் சொல்லாமல் படுக்காதீர்கள். வழக்கம்போல ஒரே கம்பியைக் கீழறையில் சொருகிவிட்டால், இரண்டு அறைகளும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் துடித்து, ஏற்கெனவே களைத்த அறை இன்னும் களைத்துவிடும். அதைத் தவிர்க்கிற பேஸ்மேக்கர் முறைகள் இப்போது இருக்கின்றன.

இணையத்தில் ‘டபுள் ஸ்விட்ச்’ என்று ஒரு ஆபரேஷனைப் பற்றி உங்கள் மகள் படித்துவிட்டு வந்து நிற்பாள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு தப்பையும் திருத்திவிடுகிற ஆபரேஷன்தான் அது, ஆனால் குழந்தைகளுக்கு. 45 வருடமாக பாகாயம்–காட்பாடி மட்டுமே ஓடிய எக்ஸ்பிரஸ் வண்டியைத் திடீரென்று சென்னை ரோட்டில் விட்டால் அதன் எஞ்சின் தாங்காது. பெரியவர்களுக்கு அதைச் செய்வதில்லை.

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கலாமா? எடுக்கலாம், இந்த இதயத்தோடு ஆபரேஷனே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சித்திரையில் போன இடத்தில் அல்ல. இதய மருத்துவரும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தில். அதற்கு முன் ஹோல்டர் முடிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஏற வேண்டும். 8.2 என்றால் அதே அளவு பிராண வாயுவை உடம்புக்குக் கொண்டு சேர்க்க அந்த அறை கூடுதல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. மலை சுற்றும்போது உட்காருவதில் ரத்தசோகைக்கும் பங்கு இருக்கலாம், நல்ல விஷயம் என்னவென்றால் அந்தப் பங்கைச் சரி செய்துவிடலாம். இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி இருக்கிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்கள், ஆனால் 8.2-ஐ அவை மட்டும் தூக்கி நிறுத்தாது. அப்புறம், வயிற்றுவலிக்கும் மூட்டுவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். அது உடம்பில் நீர் கோர்க்க வைக்கும்.

பல் ஈறைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈறில் இருந்து கிருமி ரத்தத்தில் ஏறினால் அந்தக் கசியும் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதற்கு முன்பு ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்டுவிட்டு எடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும்.

செலவுக்கு: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆபரேஷன் நாளைக்கு என்று இருக்கும்போது வருமானச் சான்றிதழுக்காக அலைவதைப்போல ஒரு அவஸ்தை கிடையாது.

உங்கள் அம்மா விஷயம். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வது 1980 பிப்ரவரி 16 அன்று பிற்பகலில் வந்த சூரிய கிரகணமாகத்தான் இருக்க வேண்டும். கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழு கிரகணம் போயிற்று, நம் பக்கமும் நன்றாகவே இருட்டியது. நீங்கள் ஆனியில் பிறந்தவர் என்றால் அப்போது உங்கள் அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்திருக்கும். இதயம் முதலில் ஒரு குழாயாகத்தான் இருக்கும். கரு உண்டாகி நான்காவது வாரத்தில் அந்தக் குழாய் வலப்பக்கம் மடியும். உங்களுக்கு இடப்பக்கம் மடிந்துவிட்டது, நடந்தது அவ்வளவுதான். நாள் தள்ளிப்போய் பத்து நாள் ஆகியிருக்கும், உங்கள் அம்மாவுக்கே தான் முழுகாமல் இருப்பது உறுதியாகியிருக்காது. கிரகணம் வந்தபோது அந்த இதயம் மடிந்து, அறை பிரிந்து, மாதக்கணக்கில் துடித்துக்கொண்டிருந்தது. அருவாமனையும் பூசணிக்காயும் அதை ஒன்றும் செய்திருக்க முடியாது. கிரகண நேரத்தில் எதையும் தொடாமல் பாயில் படுத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும். 45 வருடம் கழித்து ஒரு தாய் இதற்காக அழுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வருமா என்றால், எந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஒரு இதயக் கோளாறு இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. தாய்க்கோ தந்தைக்கோ பிறவி இதயக் கோளாறு இருந்தால் அது நூற்றில் 3 முதல் 5 வரை ஆகிறது. அதாவது நூறு குழந்தைகளில் 95 பேருக்காவது அது இருக்காது. இரண்டு பேருக்கும் தலைக்கு ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், சரியாக இருந்தால் அதோடு அந்தக் கவலையை விட்டுவிடலாம். நாளைக்கு மகள் உண்டாகும்போது, 18 முதல் 22 வாரத்துக்குள் வயிற்றில் உள்ள குழந்தையின் இதயத்துக்கென்றே ஒரு ஸ்கேன் இருக்கிறது, அதை மட்டும் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரன் வீட்டாரிடம் சொல்வது பற்றி டாக்டராக எனக்குப் பேச உரிமை இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். மகளின் எக்கோ சரியாக வந்த பிறகு, அந்த ரிப்போர்ட் கையில் இருக்கும்போது சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். “எனக்குப் பிறவியில் இதயத்தில் ஒரு சின்ன மாற்றம், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொண்ணுக்கு எடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை.” இவ்வளவு போதும். கல்யாணம் முடிந்து நீங்கள் பேஸ்மேக்கர் வைக்கப் போகும் நாளில் சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகத் தெரிய வந்தால், பேச்சு உங்கள்மேல் போகாது, பொண்ணுமேல்தான் போகும்.

கடைசியாக, தீபம். இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் மாத்திரை மாறி, ஹோல்டர் முடிந்து, ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டி, டிரெட்மில்லில் உங்கள் டாக்டர் நடக்க வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் போய் வாருங்கள். ஆனால் தீபத்தன்று இருக்கிற கூட்டத்தில் வேண்டாம், உட்கார நினைத்தால் உட்கார இடம் இருக்காது. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், மாலை வெயில் தாழ்ந்த பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த லிங்கத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்று அவள் போனில் குறித்துக்கொள்ளட்டும், அடுத்த வருடப் பரிசோதனைக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள்.